ஒலியின் வழுவமைதி

மேனாட்டினின்றும் நம் நாட்டுக்கு வந்த இசைக்கருவிகளுள் வயலினைப்போல் இம்மண்ணில் வேரூன்றியது பிறிதொன்றில்லை. பாலுசாமி தீட்சிதரும் (1786–1859) தஞ்சை வடிவேலுவும் (1810–1845) அதனைக் கையிலெடுத்த நாள்தொட்டு அது நம் வீட்டுப் பிள்ளையாகிக் கச்சேரி மேடையில் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டது. ஆர்மோனியம் வந்தது, பண்டிதர் பலரிடம் வசவும் வாங்கிற்று, எனினும் நாடகக் கொட்டகையிலும் நம் ஆலயங்களிலும் தனக்கென ஓரிடம் பிடித்துக்கொண்டது. கித்தாரோ இன்னும் விருந்தாளியே. விருந்தாளிக்குத் திண்ணையில் பாய் விரிப்போம். அடுக்களை வரை அழையோம்.

அவ்விருந்தாளிக்கு மூட்டை தூக்கி வருவோனாகவே ஆம்ப்ளிபயரை நம்மவர் கருதுகின்றனர். ஒலியைப் பெரிதாக்கும் ஒரு பெட்டி. அவ்வளவே என்பது அவர் எண்ணம். மின்கித்தாரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. நம் பழைய யாழுக்குப் பத்தர் என்றோர் உறுப்பு உண்டு. நரம்பின் மெல்லிய அதிர்வைத் தான் ஏற்று, தன் வயிற்றினுள் திரட்டி, அவைக்குக் கேட்கும் ஒலியாக்கி வழங்குவது அதுவே. அதன்மேல் தோற்போர்வை ஒன்றும் இருந்தது. மரக்கித்தாருக்கும் அத்தகையதொரு வயிறு உண்டு. மின்கித்தாருக்கோ அஃது இல்லை; அதன் உடல் உட்குழிவற்ற கட்டை. நரம்பு அதிருங்கால், காந்தத்தைச் சூழச் சுற்றிய செம்புச்சுருள் ஒன்று அவ்வதிர்வை நுண்ணிய மின்னோட்டமாக்கிக் கம்பிவழி அனுப்புகின்றது. அவ்வளவில் கித்தாரின் தொழில் முடிந்தது. எஞ்சிய பத்தரும் போர்வையும் கம்பியின் மறுமுனையிலுள்ள ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியுமே. ஆகவே மின்கித்தார் மட்டும் வாங்கியவன் பாதிக் கருவியை வாங்கியவன் ஆவான். மூன்றாண்டுகளாக யான் பாதிக் கருவியாளனாக இருந்தேன். மறுபாதியைச் சென்ற வைகாசித் திங்களில் வாங்கினேன்.

வாங்கிய இடம் புதுக்கோட்டை நகர். சேஷய்ய சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில் (1878–1894) நேர்நேராகச் சீர்படுத்தப்பெற்ற வீதிகளுள் ஒன்றினின்று பிரியும் சந்து ஒன்றில், நாற்பதாண்டுக்கு மேலாக 'சவுண்டு சர்வீஸ்' நடத்திய பெரியவர் ஒருவர் தம் கடையை மூடுகின்றார் எனக் கேள்வியுற்றேன். திருமணமாயினும், காதுகுத்தாயினும், மதுவெடுப்புத் திருவிழாவாயினும், ஜல்லிக்கட்டாயினும், நம் மாவட்டத்தில் ஊருக்குள் முதலில் வந்து சேர்பவர் மைக்செட்டுக்காரரே. பந்தற்காரர்கூட அவர்க்கு அடுத்தபடிதான். வேப்பமரத்து உச்சியிற் கட்டிய கூம்புக்குழாய் பாடத் தொடங்கிய பின்னரே ஊர் தன்னை விழாவுக்குரிய ஊராக எண்ணிக்கொள்ளும். ஆனால் காலம் மாறிற்று. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. அலமாரி போன்ற பெரும்பெட்டிகளை லாரியில் ஏற்றிவரும் புதியோரும் வந்தனர். பெரியவரின் கூம்புக்குழாய்கள் கடையின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஊமத்தம்பூக்களை அடுக்கிவைத்தாற்போல், புழுதி படிந்து கிடந்தன.

அவரிடம் ஒருகாலத்தில் எட்டு வால்வு ஆம்ப்ளிபயர்கள் இருந்தனவாம். டிரான்ஸிஸ்டர் பெட்டிகள் வந்தபின் ஏழினைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டார். டிரான்ஸ்பார்மரின் வயிற்றிலிருந்த செம்புக்கே விலை கிடைத்தது, பாட்டுக்கு விலையில்லை. எட்டாவது பெட்டியை மட்டும் ஏனோ விற்கவில்லை. ஏன் என்று வினவினேன். "மொத மொத வாங்குனது" என்றார். வேறு விடை அவர் தரவுமில்லை, வேண்டியதுமில்லை.

"இத வாங்கி என்ன தம்பி செய்யப் போற?" என்று அவர் கேட்டார்.

"கித்தார் வாசிக்கணும் ஐயா."

"வாசிக்கலாம். ஆனா ரெண்டு சொல்லிப்புடுறேன். ஸ்பீக்கர் மாட்டாம சுவிட்சப் போடக்கூடாது, டிரான்ஸ்பார்மர் போயிரும். இன்னொண்ணு, இதையும் செம்புக்கு நிறுத்துப் போட்டுட்டேன்னு என் காதுல விழக்கூடாது."

இரண்டுக்கும் உடன்பட்டு ரூ. 7,000 கொடுத்தேன்.

அத்தொகை வந்த வழியையும் சொல்லல் வேண்டும். எம்மூர் ஆதனக்கோட்டை. தஞ்சைச் சாலையில் பேருந்தில் சென்றோர் எவரும் எம்மூரை மூக்கால் அறிவர். சாலையோரத்தே முந்திரிக்கொட்டை வறுபடும் புகையே எம்மூரின் எல்லைக்கல். என் அன்னையார் அத்தொழிலினர். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும் இயல்பினது; சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பினும் விரல்கள் கறுத்துவிடும். இரு கோடை விடுமுறைகள் அவர் அருகிலமர்ந்து யானும் உடைத்தேன். எனக்குரிய கூலியென அவர் தனியே முடிந்துவைத்த பணமே பெட்டியாயிற்று. கித்தார் பயில்வோன் விரல்நுனி காய்த்திருத்தல் வேண்டும் என்பர். எனக்குக் காய்ப்பு நரம்பாற் பாதி, முந்திரியாற் பாதி.

இனிப் பெட்டியின் உள்ளமைப்பு. இயற்பியல் பயிலும் நண்பர்கள் தமிழ் மாணவன் இதில் தலையிடுதலைப் பொறுத்தருள்வாராக. நம் மாவட்டத்துப் பழங்கண்மாய் பலவற்றில் கரைக்கு உட்புறமாக, நீரின் நடுவே இரு கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். குமிழி எனப்படும் மதகு அதுவே. அத்தூண்களுக்கிடையே உள்ள அடைப்பை ஒரு சாண் உயர்த்தினால் கண்மாயின் பெருநீர் கால்வாயிற் பாயும், தாழ்த்தினால் நிற்கும். உயர்த்தும் கையின் வலி சிறிது. பாயும் நீரின் வலியோ பெரிது. வால்வு செய்யும் தொழிலும் இதுவே. காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பியினுள்ளே ஓர் இழை சூடேறுகின்றது. அதனைச் சூழ்ந்த கத்தோடு என்னும் சிறுகுழாயின்மேற் பூசிய பேரியம், ஸ்டிரான்ஷியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகள் அச்சூட்டால் எலக்ட்ரான்களை உமிழ்கின்றன. எதிரே பல நூறு வோல்ட்டு ஏற்றிய தகடு அவற்றைத் தன்பால் ஈர்க்கின்றது. நடுவே கிரிடு என்னும் கம்பிச்சுருள் நிற்கின்றது. கித்தாரினின்று வரும் மெல்லிய மின்னலை அதனைச் சேர்ந்து, மதகின் அடைப்பைப்போல் பேரோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. 1904-இல் பிளெமிங் என்னும் ஆங்கில அறிஞர் இக்குப்பியின் முதல் வடிவைச் செய்து வால்வு எனப் பெயரிட்டார். ஒருவழியே பாயவிடுதலின் அப்பெயர். 1906-இல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்டு அதனுள் கிரிடைச் சேர்த்தார். வால்வு எனினும் மதகு எனினும் பொருள் ஒன்றே போலும்.

என் பெட்டியுள் ஒலியை முதற்கண் பெருக்கும் ஈ.சி.சி.83 என்னும் சிறுவால்வுகளும், இறுதியில் ஆற்றல் தரும் ஈ.எல்.34 என்னும் பெருவால்வுகள் இரண்டும் உள. பெருவால்வுகள் எரியும்போது அவற்றின் அடியில் தணல்போன்ற செந்நிறம் தோன்றும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிய அன்று நடத்துநர் அதற்கும் ஒரு பயணச்சீட்டுக் கிழித்தார். எடையை நோக்கின் அது நேர்மையே.

கடையிலேயே அதனை வாசித்துப் பார்த்தேன். பெரியவர் சுவிட்சைப் போட்டு, பழக்கத்தால் வாய்க்குள்ளேயே முப்பது எண்ணினார். பின்னர்த் தலையசைத்தார். ஒலித்திருகைச் சிறிதே திறந்து ஒரு நரம்பை வருடினேன். உருண்டு திரண்டதோர் ஒலி, விளிம்பு எங்கெனத் தெரியாதவாறு எழுந்து அடங்கிற்று. பெரியவர் முகம் மலர்ந்தது. பின்னர்த் திருகைப் பாதிக்குமேல் திருப்பி, மூன்று நரம்புகளைச் சேர்த்து வலிந்து மீட்டினேன். ஒலி கரகரத்துச் சிதறிற்று. அவர் முகம் சுளித்தது. கை தானே உயர்ந்தது.

"கிழியுது தம்பி. கொறை, கொறை."

"அந்தக் கிழிசல்தான் ஐயா வேணும்."

நல்ல துணியைக் கொடுத்து, இதில் கிழிசல் எங்கே என்று கேட்பவனைக் கடைக்காரர் எவ்வாறு பார்ப்பாரோ அவ்வாறு என்னைப் பார்த்தார். பின் என் கால்சட்டையின் முழங்காலைப் பார்த்தார். அஃது அக்காலத்து வழக்கப்படி விலைகொடுத்து வாங்கிய கிழிசலுடையது. "சரிதான்" என்று சிரித்துவிட்டார்.

அவர் சிரித்தாராயினும், அச்சொல்லை எளிதில் ஏற்றாரென எண்ணலாகாது. நாற்பதாண்டு அவர் காத்துவந்தது ஒன்றே: ஒலி கிழியலாகாது. குழாயைக் கட்டியபின் தாம் மட்டும் இரண்டு வயல் தாண்டி நடந்துசென்று, வரப்பில் நின்று கேட்பாராம். சொல் சொல்லாகக் கேட்டாலன்றித் திரும்பமாட்டாராம். கிழிந்தால் ஊரார் கூலியிற் பிடித்துக்கொள்வர். அதனினும் மேலாக, அடுத்த ஆண்டு அழையார். இன்ன தொழிலில் முதிர்ந்த ஒருவர் முன்னின்று, தாங்கள் வாழ்நாளெல்லாம் நீக்கிவந்ததே எனக்கு வேண்டுவது என்று ஒரு பத்தொன்பது வயதினன் சொல்லுதல் சிறு செயலன்று. வீடு வந்தபின்னும் அவர் உயர்த்திய கை என் கண்முன் நின்றது.

கிழிதல் யாதெனின், மதகு முழுதும் திறந்தபின் அடைப்பை மேலும் உயர்த்தினும் நீர் மிகாமை போன்றது. நரம்பின் ஒலியலை மேலும் மேலும் உயர, வால்வு இதற்குமேல் தரவியலாது என நிற்கும். அலையின் முடி மழுங்கும். முடி மழுங்கிய அலையினின்று முன்னில்லாத கிளையொலிகள் பல பிறக்கும், அவையே கரகரப்பு. டிரான்ஸிஸ்டர்ப் பெட்டி பெரும்பாலும் எல்லை வரை தெளிவாகப் பாடி, எல்லையில் அலையின் தலையை அரிவாளால் வெட்டினாற்போல் வெட்டிவிடும். வால்வுப் பெட்டியிலோ அம்முடி மழையிற் கரைந்த மண்சுவரின் தலைபோல மெல்ல மெல்ல வளையும். தெளிவு எங்கே முடிந்தது, கிழிசல் எங்கே தொடங்கிற்று எனக் கோடிட்டுக் காட்டல் அரிது. இவ்வியல்பு ஒன்றே, 1947-இல் டிரான்ஸிஸ்டர் பிறந்து வால்வை வானொலியினின்றும் கணிப்பொறியினின்றும் ஓட்டிய பின்னும், கித்தார் உலகில் அதற்கு இடம் தந்துள்ளது.

இக்கிழிசலை எவரும் திட்டமிட்டுப் படைத்திலர் என்பது வியப்பு. கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பார் 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். நம் பெரியவரைப் போலவே தெளிந்த ஒலியை நாடியவர். அவர் செய்த ஆம்ப்ளிபயர்களை நடனக்கூடங்களுக்கு எடுத்துச்சென்ற இளைஞர்கள், முரசொலியையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் மீறவேண்டித் திருகைக் கடைசி வரை திருப்பினர். பெட்டி கதறிற்று. அக்கதறலில் ஒரு சுவை கண்டனர். 1958-இல் லிங்க் ரே என்பார் அக்கரகரப்பை வேண்டி ஒலிபெருக்கியின் தாளிலேயே துளையிட்டார் என்பர். 1964-இல் கிங்க்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவினருள் ஒருவராகிய டேவ் டேவிஸ் அத்தாளைச் சவரக்கத்தியாற் கீறினார். இச்செய்தியைப் பெரியவர்க்குச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. இலண்டனில் முரசுக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-இல் பெண்டரின் பெட்டியொன்றைப் பார்த்துத் தம் பெட்டியைச் செய்தார். அதன்பின் கிழிசலே ஒரு தொழிலாயிற்று.

நம் இலக்கணத்தார் இதனைக் கேட்டிருப்பின் நகைத்திரார் என்றே எண்ணுகின்றேன். அவர் சொல்லை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வைத்து நோக்கினர். திணை, பால் முதலிய எழுவகையில் முறை பிறழ்ந்தது வழு. ஆனால் பிறழ்ச்சியெல்லாம் தள்ளத்தக்கதன்று. பசுவை உவகை மிகுதியால் அம்மை என்றழைப்பவன் அஃறிணையை உயர்திணை ஆக்குகின்றான்; அது வழுவே. எனினும் அதற்கு ஒரு காரணம் உண்மையின் இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கின்றது. காரணமின்றி அவ்வாறு சொல்பவனோ இலக்கணம் அறியாதவன். பெரியவர் வரப்பில் நின்று காத்தது வழாநிலை. கருவி பழுதுற்றோ, கை அறியாமலோ கிழிவது வழு. நரம்பின்பால் ஒரு வேட்கை மிக்கு, அது தாங்கமாட்டாது ஒலி எல்லை கடக்குமாயின் அதனை வழுவமைதி என்னலாம். வகுப்பில் இதனைச் சொன்னேன். எங்கள் தமிழாசிரியர் புன்னகைத்து, தேர்வுத்தாளில் எழுதிவிடாதே என்றார்.

இவ்விடத்தில் வால்வுப் பெட்டியின் சிறப்பு விளங்கும். ஒலித்திருகைத் தெளிவுக்கும் கிழிசலுக்கும் இடைப்பட்ட நூலளவு எல்லையில் நிறுத்திவிட்டால், அவ்வெல்லையைக் கடப்பதும் கடவாமையும் அதன்பின் விரலின் வேலை. மெல்ல வருடின் தெளிகின்றது, அழுத்தின் கரகரக்கின்றது, அழுத்தி மீட்டிப் பின் நரம்பைத் தேயவிடின், கரகரப்பு வழியே தெளிவு கரையேறி வருகின்றது. விடுதியில் என் அறைநண்பர் தம் கைப்பேசியில் ஒரு செயலி வைத்துள்ளார். நூறு வகை ஆம்ப்ளிபயர்களை அது போலச்செய்யும். விலை சிறிது, எடை இல்லை, சூடும் இல்லை. பதிவுசெய்து இரண்டையும் கேட்பித்தால் எது எது எனப் பிரித்தறிய எனக்கும் இயலாது. கேட்பார் செவிக்கு வேறுபாடு சிறிதே. ஆனால் மீட்டுவோன் விரலுக்கு என் பெட்டி சொல்லும் மறுமொழியை அச்செயலியிடம் யான் இதுவரை பெற்றிலன்.

பெட்டியை விடுதிக்குக் கொணர விதி இடந்தராமையின் அஃது ஆதனக்கோட்டையில் எம் வீட்டிலேயே உளது. வாங்கியவுடன் திருச்சியிற் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டி, உலர்ந்துபோன கெப்பாஸிட்டர்களை மாற்றி, இரண்டு முள் பிளக்கை நீக்கி நிலத்தொடர்புள்ள மூன்று முள் பிளக்கு இடச்செய்தேன். பழைய பெட்டி வாங்கும் நண்பர் எவரும் இவ்விரண்டையும் செய்யாமல் கைவைத்தல் கூடாது. சுவிட்சை அணைத்த பின்னும் உயிர்கொல்லும் மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கும். எம்மூர்த் தச்சர் பிளைவுட்டுப் பலகையில் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிக்கு ஒரு கூடு செய்து தந்தார்.

முதன்மாலை அன்னையார் வேலை முடித்து வந்து அமர்ந்தார். சுவிட்சைப் போட்டேன். ஓசையில்லை.

"என்னடா, பாட்டக் காணோம்?"

"காயணும்மா."

"அதானே. சட்டி காயாம கொட்டயப் போட்டா என்னாகும்?" என்று சொல்லி, எழுந்துவந்து, பெட்டியின் துளைமூடிக்குமேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். இரும்புச்சட்டியின் பதம் பார்க்கும் அதே கை, அதே உயரம். சிறிது பொறுத்து, "இப்பப் போடு" என்றார். நரம்பைத் தொட்டேன்; ஒலித்தது. அன்று முதல் யான் முப்பது எண்ணுவதில்லை. அவர் வீட்டிலிருந்தால் அவர் கையே கணக்கு. கஞ்சிராவைக் கச்சேரிக்குரிய கருவியாக்கிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியினர், தோலை நீரால் நனைத்துப் பதம் வந்ததா என விரலால் தட்டிப் பார்ப்பர். பதம் பார்த்தல் கருவிதோறும் உண்டு. எம் வீட்டில் அது முந்திரிச்சட்டியிலிருந்து வந்தது.

ஊரில் சிலர் செட்டுப் பழுதா என வினவினர். ஒருவர் பழுதுநீக்குவார் முகவரியும் தந்தார். மாலைதோறும் மின்னழுத்தம் தாழ்கையில் பெட்டி சற்றே முன்னதாகக் கிழிகின்றது என்பதையும் கண்டேன். இரவு தணிந்தபின் அதே திருகில் தெளிவு கூடுகின்றது. ஊரின் மின்விசிறிகளும் என் இசையில் ஒரு பங்கு கொள்கின்றன.

இன்பத்தொடு ஒரு கவலையும் வந்தது. வால்வு எரிந்து தேயும் பொருள். பெருவால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி என்பர். என் பெட்டியிலுள்ளவை எத்தனை மணி எரிந்தவை என்பதைச் சொல்வார் இல்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வால்வுகளைச் செய்தது. வானொலிப்பெட்டி தோறும் அவை ஒளிர்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வகை வால்வு நம் நாட்டில் செய்யப்படுவதில்லை. உலகிலேயே ருஷியா, ஸ்லோவாக்கியா, சீனம் எனச் சில இடங்களே அதனைப் பெருமளவில் செய்கின்றன. 2022 மார்ச்சில் ருஷிய அரசின் ஏற்றுமதித் தடையால் அந்நாட்டு வால்வுகள் சிறிது காலம் வெளிவாராது நின்றன. எங்கோ நடக்கும் போர் கித்தார்க்காரன் திருகு வரை வந்து சேர்ந்தது. பெரியவர் பெட்டியொடு செய்தித்தாளிற் சுற்றித் தந்த பெங்களூர் வால்வு இணை ஒன்றே என் சேமிப்பு.

ஆகவே ஓர் ஏட்டில் மணிக்கணக்கு எழுதிவருகின்றேன். அன்னையார் அதனை வட்டிக்கணக்கு என்பார். அக்கணக்கு என் பழக்கத்தையே மாற்றிற்று. விரற்பயிற்சியெல்லாம் மின்னின்றியே செய்கின்றேன். கட்டை உடலாயினும் மடியில் வைத்துக்கொண்டால் எனக்கு மட்டும் கேட்கும். பெட்டியை ஏற்றுமுன், ஏற்றத்தக்கது எது என வினவிக்கொள்கின்றேன். வேகமாக ஓடும் மேனாட்டுத் துணுக்குகள் பல அவ்வினாவில் உதிர்ந்துவிட்டன.

ஆடி மாதத்தில் எங்கள் துறையினர் குடுமியான்மலைக்குச் சென்றோம். குடைவரைக் கோயிலையடுத்த பாறையில் ஏழாம் நூற்றாண்டினது எனப்படும் இசைக்கல்வெட்டைக் கண்டேன். ஏழு இராகங்களுக்குரிய சுரங்கள் நந்நான்காக, வரிவரியாகப் பாறையில் நிற்கின்றன. ஒவ்வொரு சுரவெழுத்தும் அகர, இகர, உகர, எகர ஈறுகள் பெற்று வேறுபடுகின்றது. அவ்வேறுபாடு சுருதியைக் குறிப்பதோ, நரம்பைத் தெறிக்கும் முறையைக் குறிப்பதோ என அறிஞர் பலவாறு உரைப்பர். அம்மலையிலும் திருமயத்திலும் பரிவாதினி என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளது. அஃது ஏழுநரம்பு வீணையின் பெயர். நண்பர் படம் எடுத்துக்கொண்டிருக்க, யான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே சுரத்துக்கு நான்கு முகம் உண்டென ஒருவன் கல்லில் எழுதவேண்டியிருந்ததெனின், அவன் நரம்பின்மேல் எத்துணைக் கவனம் வைத்திருத்தல் வேண்டும்! இளங்கோவடிகளும் யாழ் மீட்டும் விரற்றொழிலுக்கு வார்தல், உந்தல், உருட்டல் எனத் தனித்தனிப் பெயர் தந்துள்ளார்.

அன்று முதல் பெட்டியில் ஏற்றுவது பெரும்பாலும் மெல்ல நடக்கும் இசையே. மரக்கித்தாரில் நரம்பொலி விரைந்து சாகும். ஒரு சுரத்தை அசைத்து அசைத்து அடுத்ததற்குக் கொண்டுசெல்லுமுன் ஒலி தீர்ந்துவிடும். மின் அதனை நீட்டித் தருகின்றது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) மின்மாண்டலினிலும், சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் மின்கித்தாரிலும் கருநாடக இசையை வாசிக்க இயன்றதற்கு இந்நீட்சி பெரிதும் துணை. யான் அவர்கள் நின்ற திசையை நோக்கித் தவழ்வோன். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளுள் அன்னையார் முந்திரி உடைக்கும்போது முணுமுணுக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அனுபல்லவியில் மேலேறும் ஓரிடத்தை இரு மாதமாகப் பழகினேன். அவ்விடத்தில் குரல் கம்முவதுபோல் நரம்பை இழுத்து அழுத்தினால், ஒலி எல்லையைச் சற்றே மீறும்.

ஆவணிக் கடைசியில் பெரியவர் தஞ்சை மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் வழியில் எம்மூரில் இறங்கினார். பெட்டியைப் பார்க்க வந்ததாகவே சொன்னார். அன்னையார் தேநீரும் சூட்டோடு முந்திரியும் தந்தார். அவர் முதலில் பெட்டியைக் கவிழ்க்கச் சொல்லிப் புதிய கெப்பாஸிட்டர்களை எண்ணினார். மூன்று முள் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். ஸ்பீக்கர்க் கம்பி இறுகியுள்ளதா என இழுத்துப் பார்த்தார். பின்னரே நாற்காலியில் அமர்ந்தார்.

அன்னையார் உள்ளங்கையைப் பிடித்துப் பதம் சொன்னார். அக்கீர்த்தனையை வாசித்தேன். மேலேறும் அவ்விடம் வந்தது, நரம்பை இழுத்து அழுத்தினேன், ஒலி கிழிந்தது. பெரியவர் கை பழக்கத்தால் உயர்ந்தது. பாதியில் நின்றது. அக்கை கீழே இறங்குமுன் ஒலி தெளிந்து தணிந்துவிட்டது. அவர் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், டிரிபிள் திருகை இரு விரலாற் பற்றி ஒரு நூலளவு குறைத்தார். எம் வாசலுக்கு வெளியே சென்று, சாலையைக் கடந்து, எதிர்ப்புறப் புளியமரத்தடியில் நின்றுகொண்டார்.

"அந்த எடத்த மட்டும் மறுபடி வாசி, தம்பி" என்று அங்கிருந்து உரக்கக் கூறினார்.

வாசித்தேன். புதுக்கோட்டைப் பேருந்து எங்களுக்கிடையே வந்து நின்று, அவரை நோக்கி ஒலியெழுப்பி, ஏறாமை கண்டு சென்றது. அவர் மரத்தடியினின்று கையை அசைத்து இன்னொரு முறை என்றார்.